கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்

நாமக்கல் பக்கத்துக் குழந்தைகள் ‘அம்மா’ சொல்லிப் பழகியதும் அடுத்து ‘ஆக்சில்’ என்று சொல்லும் என்பார்கள். நான் ‘அம்மா’வோடு நின்றுவிட்டவன். லாரியும் போர்வெல் ரிக்கும் பாடி கட்டும் பட்டறைகளுமாக நாலா பக்கமும் இரைகிற இந்தச் சமவெளியில் ஐம்பது வருடம் வாழ்ந்தும், ஒரு வண்டியின் டீசல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இறங்கிப் பார்த்துத்தான் சொல்வேன். (பல சமயம் இறங்கிப் பார்த்தும் தப்பாகச் சொல்வேன்.) அப்பேர்ப்பட்ட என்னைத்தான் படகு இழுக்க ஒரு பழைய வண்டி பார்த்து வரும்படி அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் மேல் குற்றமில்லை. கையைத் தூக்கியது நான்.

படகு என் மச்சினன் சேவியருடையது. என் மனைவி மேரியின் தம்பி. பதினாறு வருடம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். வடக்கே ஏதோ ஒரு பொட்டல் காட்டில் இரும்புக் குழாய் சரிந்து இடுப்பில் விழுந்தது. அத்தோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. மூன்று மாதம் படுத்துக் கிடந்து எழுந்த அன்று சொன்னான்:

“ஆயிரம் அடி உள்ள போயி தண்ணியத் தேடியாச்சு மாமா. இனிமே மேல ஓடுற தண்ணியப் பாத்துக்கறேன்.”

காவிரியில் ஒரு துறையில் படகு விடும் வாய்ப்பு, ஊராட்சியில் வரிசைப்படி அவனுக்கு வந்தது. நிபந்தனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் படகு தண்ணீரில் நிற்க வேண்டும், சோதிக்க வருகிற அதிகாரி தலையசைக்க வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவர். சேவியரிடம் இருந்ததெல்லாம் அந்த ஃபைபர் படகாக மாறி, சேலத்துப் பட்டறை ஒன்றில் வெள்ளை வெளேரென்று படுத்திருந்தது. மேரி ஒரு வாரமாகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஒரு துறை, வற்றினால் இன்னொரு துறை. படகை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். அதற்குத்தான் சொந்தமாக வண்டி. படகுக்கு மோட்டார் பூட்டும் வேலையை விட்டு சேவியரால் நகர முடியவில்லை. “நான் போகிறேன்” என்றேன். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரின் குரலில் சொன்னால் எதுவுமே தீர்ந்துபோன விஷயம் மாதிரிதான் ஒலிக்கும்.

சேவியர் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றே வரி எழுதித் தந்தான். நாலு சக்கரமும் இழுக்கணும். பிரேக் பிடிக்கணும். அடியில் துரு இருக்கக் கூடாது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை காலை நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்தக் காகிதத்தை நான் பார்த்தது, சட்டையைத் துவைக்கப் போட்ட மேரி எடுத்து என் முன்னால் வைத்தபோதுதான்.

பழைய வண்டி விற்கும் தங்கவேலு அண்ணன், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் முப்பது வண்டிகள், வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு.

“என்ன வேலைக்குங்க?”

“படகு இழுக்க.”

அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். “ஏனுங்க, இங்க கோழி ஏத்தறதுக்குக் கேப்பாங்க, முட்டை ஏத்தறதுக்குக் கேப்பாங்க. படகுக்குன்னு வந்தது நீங்கதான் மொதல் ஆளுங்க. எத்தனை எடை வரும்?”

“மிதக்கிற பொருள்தானே, எடை பெரிசா இருக்காதுங்க.”

“தண்ணியில மிதக்குமுங்க. ரோட்டுல?”

அந்த ஒரு கேள்வியிலேயே நான் பஸ் ஏறித் திரும்பியிருக்க வேண்டும். அவர் பெருந்தன்மையாக எழுந்து, மூலையில் நின்ற ஒரு ஜீப்பைக் காட்டினார். பாதி பச்சை, பாதி பிரைமர் சிவப்பு. ஒரு விளக்கு உள்ளே போயிருந்தது. கதவைத் திறந்தால் கொட்டகைக் கதவு மாதிரி முனகியது.

“மூஞ்சி நல்லாயிருக்காதுங்க. ஆனா நாலு சக்கரமும் இழுக்கும். சேத்துல எறக்குனாலும் ஏறி வந்துரும்.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண் அங்கே இல்லை. இரண்டு வண்டி தள்ளி ஒரு நீலம் நின்றது. மழைக்கு அரை மணி நேரம் முன்னால் கொல்லிமலை முகட்டில் கூடுமே, அந்த நீலம். உயரமான, பளபளப்பான, கல்யாண மாப்பிள்ளை போன்ற கார். அதன் கண்ணாடியில் என் முகம்கூட நன்றாக இருந்தது.

“அது ஊருக்குள்ள விசேஷத்துக்குப் போற வண்டிங்க சாமி. முன் சக்கரம் மட்டுந்தான் இழுக்கும்” என்றார் அண்ணன்.

“நாமளும் முன்னாலதானுங்க போகப்போறோம்?”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். வாத்தியார் விளையாடுகிறாரா, வினையாகவே சொல்கிறாரா என்று அவருக்குப் பிடிபடவில்லை. (வினையாகத்தான் சொன்னேன்.)

“ஹேண்ட் பிரேக்கும் தளர்ச்சியா இருக்குதுங்க. ரெண்டு நாள் குடுங்க, மாத்தித் தாரேன்.”

“நாளைக்கே வேணுங்க.”

“அப்ப எங்க நிறுத்துனாலும் கல்லு வெச்சு நிறுத்துங்க.” பின்னால் படகு வண்டியை மாட்ட ஒரு கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது நாலு எலுமிச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைத்தார். “எடுத்தவொடனே நாலு சக்கரத்துக்கும் வெச்சு ஏத்திருங்க. மறந்துராதீங்க.”

மறந்துவிட்டேன். மேரி வீட்டு வாசலிலேயே பாதிரியாரை நிறுத்தி மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டதால் அந்த இலாகா முடிந்தது என்றிருந்தேன். வியாழக்கிழமை மாலை அண்ணன் போன் செய்தார். “பழம் வெச்சீங்களா சாமி?”

“வெச்சாச்சுங்க அண்ணா.”

எதற்கு அந்தப் பொய் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டுப்பாடம் எழுதியாச்சு சார் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகள் என்னிடம் சொல்லிய பொய்யெல்லாம் சேர்ந்து ஒருநாள் என் வாய் வழியே வெளிவந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை சேவியர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர, பின்னால் படகு வர, கிளம்பினோம். சோளத் தட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் படகு மிதந்து போவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. வழியில் டீக்கடையில் ஒருவர், “ஏனுங்க, வெள்ளம் வருதுன்னு எங்களுக்கு ஒருத்தருஞ் சொல்லலீங்களே?” என்றார்.

பதினோரு மணிக்குத் துறை. தண்ணீரை நோக்கி இறங்குகிற சிமெண்டுச் சரிவு, கீழ்ப்பாதியில் பாசி. சேவியர் ஒரே முயற்சியில் படகைப் பின்னோக்கி இறக்கி, தண்ணீருக்கு ஐந்தடி முன்னால் நிறுத்தினான். இறங்கி, பெரிய கருங்கல் ஒன்றைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்தான். கியரில் போட்டு நிறுத்தவில்லை. ரிக் வண்டியில் வளர்ந்தவனுக்குக் கல்தான் பிரேக். அவர்கள் கல்லை நம்புகிற அளவுக்குக் கர்த்தரையும் நம்புவதில்லை.

“மாமா, நான் மோட்டாரை ஒருதடவை பாத்துக்கறேன். நீங்க சும்மா இருங்க.”

படகில் ஏறினான். ‘நீங்க சும்மா இருங்க’ என்பது எவ்வளவு ஆழ்ந்த வாக்கியம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சும்மா இருந்தபோதுதான் டேஷ்போர்டில் கிடந்த நாலு எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டது. இரண்டு நாள் வெயிலில் சுருங்கி, நாலு கண்களாக என்னையே பார்த்தன. நல்ல மனுஷனிடம் பொய் சொல்லியிருக்கிறோம். மச்சினனின் பிழைப்பு தண்ணீரில் இறங்கப்போகிற நேரம். இப்போது வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடும்.

எடுத்துக்கொண்டு இறங்கினேன். முன்சக்கரம் இரண்டுக்கும் வைத்தேன். பின்சக்கரம் ஒன்றுக்கு வைத்தேன். நாலாவது சக்கரத்தில் பழம் வைக்க இடமில்லை. அங்கே ஒரு கல் இருந்தது.

எடுத்தேன்.

(ஆமாம். எடுத்தேன். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் மௌனம் காப்பார்கள்.)

கல் இருந்த இடத்தில் பழத்தை வைத்துக் கையை எடுப்பதற்குள் அது பிதுங்கி என் முகத்தில் சாறு தெறித்தது. ஒரு கணம் மங்களகரமாக உணர்ந்தேன். அடுத்த கணம் அந்த நீலம் என்னைக் கடந்து போனது. சத்தமே இல்லை. ஓடிப்போய் முன் பம்பரைப் பிடித்து இழுத்தேன். வண்டி ஒன்றரை டன். நான் அறுபத்திரண்டு கிலோ, அதில் பாதி இலக்கணம். பாசியில் சறுக்கி, உட்கார்ந்தபடியே வண்டியோடு ஆற்றுக்குப் போனேன்.

படகில் நின்ற சேவியருக்குப் பின்னால் நடந்தது தெரியாது. படகு நோகாமல் தண்ணீரில் இறங்கியதும் கையைத் தூக்கிக் கத்தினான்: “சூப்பர் மாமா! அப்படியே மெதுவா!”

பிறகு திரும்பிப் பார்த்தான். கார் கதவுப் பிடிவரை ஆற்றில். நான் கழுத்துவரை. எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், காரின் கொக்கியோடு கட்டிய கயிறு அறுபடாமல், அந்தப் படகு காரின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. எதை இழுக்க எதை வாங்கினோமோ, அது அப்படியே தலைகீழ்.

அவன் உட்கார்ந்துவிட்டான். “நேரம் என்ன மாமா?” என்று மட்டும் கேட்டான். பதினொன்றே முக்கால். நண்பகலுக்குக் கால் மணி. மேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. நரைத்த மீசை, கையில் அட்டை. அதிகாரி.

அதே நேரத்தில் மரவள்ளிக் கிழங்குப் பாரம் இறக்கிவிட்டு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தது ஒரு அம்மாள், தலையில் துண்டு. பின்னால் தெரிந்துகொண்டோம், சரசக்கா. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, காரக் கழுவறதுக்கு இத்தனை ஆழத்துக்கா எறக்குவாங்க?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சரசக்கா சேலையை இழுத்துச் செருகி, சங்கிலியை எடுத்துத் தண்ணீரில் இறங்கி, காரின் முன் வளையத்தில் தானே மாட்டினார். “கவுத்த அவுத்து உட்ருங்க தம்பி” என்று சேவியரிடம் சொன்னார். அவன் கயிற்றை அவிழ்த்தான். டிராக்டர் உறுமியது. கார் நாலு கதவிலும் ஆற்றை வடித்துக்கொண்டு, காலியான படகு வண்டியையும் இழுத்துக்கொண்டு மேலேறியது. பின்சீட்டில் ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது.

படகு மட்டும் தண்ணீரில் நின்றது. ஒரு சொட்டு உள்ளே இல்லை.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாக இறங்கி வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார். மோட்டாரை ஓட்டச் சொன்னார். மிதவைச் சட்டைகளை எண்ணினார். அட்டையைப் புரட்டினார்.

“பாரம் தாங்கும் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. மணல் மூட்டை கொண்டாந்திருக்கீங்களா?”

சேவியர் என்னைப் பார்த்தான். மணல் மூட்டை பட்டறையிலேயே நின்றுவிட்டது. (ஏற்றச் சொன்னது என்னிடம்.)

அதிகாரி கரையில் ஒழுகிக்கொண்டிருந்த காரைப் பார்த்தார். படகைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை; மரியாதைக்காக இருக்கலாம். “ஒரு காரையே புடிச்சுக்கிட்டு நின்னுருக்கு. பத்துப் பேரத் தாங்காதா?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நண்பகலுக்கு நாலு நிமிடம் இருந்தது.

சரசக்காவுக்கு என்ன தருவதென்று தடுமாறினேன். “எம் மக ஊடு அக்கரையில இருக்குதுங்க. பஸ்ஸுல சுத்திட்டுப் போறதுக்குள்ள கொழம்பு ஆறிப்போவுது. மொதல் சவாரி எனக்குக் குடுத்துருங்க” என்றார். அன்றைக்கே, டிராக்டரைக் கரையில் நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். சேவியர் அக்கரை போய்த் திரும்பி வருவதை, ஈர வேட்டியோடு கரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு அவனை ஒரு பூவை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு போனது. இடுப்புவலிக்காரன் என்று யாராலும் சொல்ல முடியாது.

தங்கவேலு அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கேட்டார்:

“அப்ப பழம் வெச்சீங்கன்னு நேத்துச் சொன்னது?”

“இன்னைக்குத்தானுங்க வெச்சேன்.”

“செரி, வண்டியக் காய வெச்சு எடுத்துட்டு வாங்க சாமி. அந்த ஜீப்பை நான் யாருக்குங் குடுக்கல. நீங்க திரும்பி வருவீங்கன்னு தெரியும்.” தெரிந்தும் என்னைத் திட்டாத மனுஷன். நீலத்தை எடுத்துக்கொண்டு பச்சையும் சிவப்புமான அதைத் தந்தார். இன்றும் அதுதான் படகை இழுக்கிறது. கதவு இன்னும் முனகுகிறது. எனக்கு அது பாட்டாகவே கேட்கிறது.

கருங்கல்லை சேவியர் விட்டுவிடவில்லை. வெள்ளையடித்து ஜீப்பிலேயே வைத்திருக்கிறான். அதில் நீல நிறத்தில் ‘மாமா தொடக் கூடாது’ என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டேன்.

போன மாதம் சேவியரின் மகள் ஜெனி புது ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமதளமான வாசல். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தது. “வா கண்ணு” என்று நான் வெளியே வந்ததும் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஓடிப்போய்ச் செங்கல் ஒன்றைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து சிரித்தாள்.

உள்ளேயிருந்து மேரி கேட்டாள்: “வெச்சுட்டியாடி?”

“வெச்சாச்சு அத்தே.”

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.