மாமனாருக்கு முதல் குளியல்

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தச் சின்ன உண்மையை நான் ஒப்புக்கொள்வதற்கு என் மாமனாரின் வெள்ளைச் சட்டை ஒன்று பலியாக வேண்டியிருந்தது.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, நானும் அம்மாவும் கூடலூர்ப் பக்கம் சேரங்கோட்டில் ஓர் எஸ்டேட் வீட்டில் குடியேறியிருந்த காலம். தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் அடுப்புப் பக்கம் எனக்கு வேலை. அதனால் நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு (அடுப்பைப் பார்த்துக்கொண்டது வேறொருவர், நான் தூளைக் கூட்டி அள்ளினேன்). ஆசைப்பட்டு மேட்டுப்பாளையத்துக் கமலாவைக் கட்டிக்கொண்டேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமனார் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஏனுங் மாப்ள, அந்தக் குளிருக்குச் சுடுதண்ணி இல்லாத ஊட்டுல பச்சப்புள்ளய உடமாட்டனுங்க. நானே வந்து பாப்பேன். தண்ணி காயலீன்னா அடுத்த பஸ்ல திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன்."

நான் மனதுக்குள் சிரித்தேன். என்னிடம்தான் பாய்லர் இருந்ததே! துரை பங்களாவில் கழித்துப் போட்ட செப்பு பாய்லர். அடியில் விறகை எரித்தால் சுற்றிலும் தண்ணீர் காயும். புகை நடுக்குழாயில் ஏறி, குளியலறைச் சுவருக்கு வெளியே நீளும் தகரக் குழாய் வழியாகப் போய்விடும். கமலா ஊருக்குப் போனபிறகு அதை யாரும் பற்றவைக்கவில்லை. நான் ஃபேக்டரியிலேயே குளித்துவிடுவேன். அம்மாவுக்கு அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் போதும்.

குழந்தையை அழைத்துவர அம்மா மேட்டுப்பாளையம் போனதும், பாய்லரைப் பற்றவைத்தேன். மொத்தப் புகையும் என் முகத்துக்கே திரும்பி வந்தது.

விறகு ஈரம் என்று முடிவுசெய்து, காய்ந்த தைலமரச் சுள்ளி கொண்டுவந்தேன். புகை. சாம்பல் அடைப்பு என்று அடியில் கம்பியை விட்டுக் குடைந்தேன். மறுபடியும் புகை. சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன் (ஏன் என்று கேட்காதீர்கள்). சரி, இதன் ஆயுள் முடிந்தது, புதிது வாங்கிவிடலாம் என்று கூடலூருக்கு ஓடினேன். கடைக்காரர், அடுத்த வாரம்தான் சரக்கு வரும் என்றார். எனக்கோ மறுநாள் காலையில் மாமனார் வருகிறார்!

விடிந்ததும் எஸ்டேட் பட்டறையிலிருந்து கையால் சுற்றும் ப்ளோயர் ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். காற்று கொடுத்தால் ஃபேக்டரி அடுப்பு எப்படிச் சீறும்! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. விறகின் மேல் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்த நேரம் பார்த்து வாசலில் பேச்சுக்குரல். இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

மாமனார் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. புகை வருகிறதா என்று பார்க்க நேராகப் பின்பக்கம் போய், தகரக் குழாயின் வாயருகே குனிந்திருக்கிறார்.

"மாப்ள, பொகையே காணமுங்!" என்று அவர் கத்தியதும் 'டமார்' என்றதும் ஒன்றாக நடந்தன.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தலைமுதல் கால்வரை கரியாக நின்றார் மாமனார். அவர் நெஞ்சில் பட்டு விழுந்த ஒரு சின்ன மூட்டை காலடியில் புகைந்துகொண்டிருந்தது. குழந்தையோடு நின்ற கமலா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சம்பந்தியைத் தாண்டி மூட்டையிடம் பாய்ந்தாள்.

"ஐயோ, என் மாசி!"

சிலோனிலிருந்து கொண்டுவந்த கடைசி மாசிக் கருவாடு. இந்த ஊர் மழையில் பூசணம் பிடித்துவிடும் என்று, சும்மா கிடந்த புகைக்குழாய்க்குள் மூட்டையாகக் கட்டிச் செருகிவைத்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா நீ தின்னு தீத்துருவியேடா!"

அடுத்து மாமனார், பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் உள்ளே பாய்லர் ஹோவென்று எரியும் சத்தம் கேட்டது. அடைப்பு போனதும் அது புத்தம்புதிதுபோல எரிந்தது! கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அந்தக் கோலத்தில் அவரை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். குழந்தைக்காகக் காய்ந்த முதல் தண்ணீரில் தாத்தா குளித்தார்.

குளித்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர், "தண்ணி நல்லாத்தானுங் காயுது. புள்ள இருக்கட்டும்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சி, "ஏனுங் சம்பந்தி, வாசம் தூக்குதே. அது முழுசாத் தீஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டார். அன்று மதியம் தேங்காய் சேர்த்து இடித்த மாசிச் சம்பலோடு அவர் சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்கில்லை.

புதிய பாய்லர் வாங்கும் பேச்சு அதோடு போனது. ஆனால் இன்றுவரை எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் டிவி தெரியாவிட்டாலும், யாராவது ஒருவர் உடனே சொல்வது: "உள்ள மாசி இருக்கான்னு பாரு." போன மாதம் கோயமுத்தூரில் அதே மகளின் வீட்டில் கெய்சர் பழுது. கமலா போனிலேயே இதைச் சொல்ல, அது காதில் விழுந்த ரிப்பேர்காரர் நிஜமாகவே கழற்றிப் பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, பல்லிதானுங் இருக்குது" என்றாராம்.