அஞ்சு தட்டுக்கு ஆறு தட்டு

சரிவில் வெட்டிய மூன்றாவது மண் தட்டும் சரிந்து இரண்டாவது தட்டின்மேல் உட்கார்ந்தபோது ஜீவராஜ் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டான். இனி நனைவதற்கு அவனிடம் மிச்சம் எதுவும் இல்லை.

"நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒண்ணு" என்றாள் காளியாயி, மண்வெட்டியில் சாய்ந்தபடி. அவளோடு வேலைக்கு வந்த எட்டுப் பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

"சிரிக்காதீங்க அக்கா. வெள்ளிக்கிழமை பங்களாவுல பால் காய்ச்சல், குடிபுகுற நாள். ஹட்டன் பஜாரே வருது."

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, நூறு வயது தாண்டிய துரை பங்களா அது. ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் அழகம்மை அதை வாங்கி, விருந்தினர் தங்கும் விடுதியாக்கப் போகிறாள். பங்களாவுக்குப் பின்னால் சரிவு. அதில் படிப்படியாக அஞ்சு தட்டில் பூந்தோட்டம் வேண்டும் என்பது அவள் ஆசை.

தோட்டம் வடிவமைக்கப் படித்துவிட்டு வந்த ஜீவராஜுக்கு இதுதான் முதல் வேலை. தலவாக்கலையில் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மாதம் படம் வரைந்தான். ஐந்து தட்டுக்கும் ஐந்து நிறம். படத்தைப் பார்த்த மச்சான் சுதாகரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சரிவரலேன்னா சனிக்கிழமை நம்ம கடைக்கு வந்துரு மாப்பிள. ஆணி நிறுக்க ஆள் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வந்து பார்த்தபோது சரிவு படத்தில் போட்ட கோடு மாதிரியே வழவழவென்று இருந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை மதிய மழைவரை நீடித்தது.

"இந்த மண்ணு நிக்காதுங்க சேர்" என்றாள் காளியாயி. "புது மண்ணு."

"மலையில ஏதுக்கா புது மண்ணு? இது உலகம் உண்டான நாள்ல இருந்து இங்கயே கிடக்குற மண்ணு."

காளியாயி மறுபடி மண்ணை வெட்டத் தொடங்கினாள். எத்தனையோ கணக்கப்பிள்ளைகளையும் துரைமார்களையும் பார்த்தவள் அவள். படித்தவனிடம் வாதாடி ஜெயித்தால் அந்த வேலையும் நம் தலையில்தான் விழும் என்பது அவள் அனுபவம்.

செவ்வாய்க்கிழமை மூங்கில் தட்டி கட்டினான். தட்டியோடு சேர்ந்து மண் இறங்கியது. புதன்கிழமை உரப்பைகளில் மண் நிரப்பி வரிசையாக அடுக்கினான். பாரம் தாங்காமல் இன்னும் வேகமாக இறங்கியது.

வேர் பிடித்தால் மண் நிற்கும் என்று நூறு ரோசாச் செடி கொண்டுவந்து நட்டான். "கிளையைக் கொஞ்சம் வெட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவன், திரும்பி வந்து தலையில் கை வைத்தான். நூறு செடியும் பூவுமில்லை இலையுமில்லை, ஒரே உயரத்தில் வெறும் குச்சியாக நின்றன.

"என்னக்கா இது?"

"கவ்வாத்துங்க சேர். தேயிலைக்கு வெட்டுற மாதிரியே சுத்தமா வெட்டியிருக்கோம். நாலு மாசத்துல ஜம்முன்னு துளிர்த்துரும்."

"பால் காய்ச்சல் நாளன்னைக்கு அக்கா!"

வியாழக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மேலே ஓடும் கான் வாய்க்காலில் இருந்துதான் தண்ணீர் வழிகிறது, அதை அடைத்துவிட்டால் தீர்ந்தது. மிச்சமிருந்த உரப்பைகளைப் போட்டுக் கானை அடைத்தான். சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. கானில் தேங்கிய தண்ணீரெல்லாம் பைகளை உடைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகச் சரிவில் இறங்கும் சத்தத்தை, பங்களா சமையலறையில் நின்று அவன் காதாலேயே கேட்டான். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது, அழுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அழகம்மையின் வேன் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவன் வாசலுக்கு ஓடினான்.

"அம்மா, தோட்டத்தைப் பத்தி ஒண்ணு..."

"நானே பாத்துக்கிறேன் தம்பி" என்று அவள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். ஜீவராஜ் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனான். மனதுக்குள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"அடி ஆத்தீ!" என்றாள் அழகம்மை.

கண்ணைத் திறந்தான். மண்ணெல்லாம் கழுவிக்கொண்டு போய் அடிவாரத்தில் குவிந்து கிடந்தது. சரிவில் கருங்கல்லால் கட்டிய தட்டுகள், நடுவே வளைந்து இறங்கும் கற்படிகள், கல்லிடுக்கில் பச்சைப் பாசி. காளியாயியும் ஆட்களும் விளக்குமாறு வைத்துக் கடைசித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சுதானே கேட்டேன்? ஆறு கட்டியிருக்கியே தம்பி!"

ஜீவராஜ் தட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "ஒண்ணு... நம்ம அன்பளிப்புங்க அம்மா."

"பங்களாவுக்கு ஏத்தாப்புல பாசிகூட வளத்துருக்க!"

"அதுக்குன்னு ஒரு முறை இருக்குங்க அம்மா."

"என் தங்கச்சி நுவரெலியாவுல வீடு வாங்கியிருக்கா. அவளுக்கும் நீதான் செய்யணும். எங்கயும் போயிராத" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் கூட்டி வந்து காட்டுவதற்காக அழகம்மை உள்ளே ஓடினாள்.

ஜீவராஜ் முதல் தட்டிலிருந்து ஆறாவது தட்டுவரை குதித்துக் குதித்து ஏறினான். மறுபடி இறங்கினான். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாத்தீங்களா அக்கா! வெள்ளைக்காரன் கட்டின தோட்டம். எந்தக் காலத்துலயோ மண்ணு சரிஞ்சு மூடியிருக்கு. யாருக்குமே தெரியாம நூறு வருசமா உள்ளுக்குள்ளேயே கிடந்துருக்கு!"

காளியாயி விளக்குமாற்றைத் தட்டி உதறினாள்.

"நூறு வருசமெல்லாம் இல்லீங்க சேர். போன மாசம் காட்டை வெட்டினப்ப ஆறு தட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. நீங்கதானே போன்ல, 'மேடு பள்ளமெல்லாம் நிரவி, நான் வாரப்ப ஒரே சரிவா இருக்கணும்'ன்னு சொன்னீங்க? ஒம்பது பேரு பத்து நாளா மண்ணு சுமந்து மூடினோம்!"