பெபேயாள் என்ற பெயரை நிறுத்தித் தரக் கோரி

ஜமுனாமரத்தூர்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமுள்ள அக்கா சம்பூர்ணத்துக்கு, தம்பி மார்ட்டின் பஞ்சாட்சரம் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தேவயானியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் சுவேதாவும், பிறந்து நாற்பது நாளான பேத்தியும் சுகம். செங்கத்தில் உன் மூட்டு வலியும் அத்தானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க ஜெபிக்கிறேன். மலையில் சாமை அறுப்பு முடிந்தது. நான் சுகம் என்று எழுதியது உடம்பை மட்டும்தான். மனசு வெந்துகொண்டிருக்கிறது. காரணம் அருள்.

அருளை உனக்குத் தெரியாது. கண்ணமங்கலத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்துக்கு முன் நம் சர்ச்சுக்கு எதிரிலேயே வீடு கட்டிக் குடிவந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் தலைமுடி என்னைவிட அதிகம். பத்தொன்பது வருஷமாக இந்தச் சபையில் பிறக்கிற குழந்தைகளுக்கும் புதிதாக ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கும் பெயர் தேர்ந்து கொடுப்பவன் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஒன்பது கிரேஸ், ஏழு இம்மானுவேல், நான்கு ஜாய் இந்த மலையில் நடமாடுகிறார்கள் என்றால் அது நான் செய்த புண்ணியம். இந்த மனிதர் வந்ததும் எல்லாம் போயிற்று. யார் எதிரே வந்தாலும் அவர் பெயர் எந்த ஊரில் பிறந்தது, என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறார். போன கிறிஸ்துமஸில் எழுந்து, டிசம்பர் இருபத்தைந்து என்று வேதத்தில் எங்கும் இல்லை, ரோமாபுரிக்காரர்கள் சூரியனுக்குக் கொண்டாடிய நாளை ஒட்டி வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வேறு கணக்கு சொல்கிறவர்களும் உண்டு என்றார். இதையே நான் சொல்லியிருந்தால் கமிட்டி கூட்டி விளக்கம் கேட்டிருப்பார்கள். அவர் சொன்னதற்கு, "இன்னா அறிவு பாரு!" என்று கெங்கம்மாள் ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவன் நான். எனக்கு இதுவரை தேன் படிந்த ஒரு ஸ்பூன்கூட வந்ததில்லை, அக்கா.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பேத்திக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். எஸ்தர் என்று பெயர் எடுத்து வைத்து, அழகாக ஒரு அட்டையிலும் எழுதியிருந்தேன். சுவேதா அந்த அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "அப்பா, அருள் பெரியப்பாகிட்ட கேட்டுட்டேன். பெபேயாள்னு சொன்னாரு. வூட்ல பெபின்னு கூப்ட்டுக்கலாம்" என்றாள். பவுல் பாராட்டிய ஊழியக்காரியாம், ஒளியுள்ளவள் என்று அர்த்தமாம். பெரியப்பாவாம்! எந்த வழியில் பெரியப்பா? தேவயானியிடம் முறையிட்டேன். அவளோ அருள் வருகிறார் என்று ஃபில்டரில் புது டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காலையில் போட்டதைச் சூடு பண்ணித்தான் தருவாள்.

மறுநாளே போளூருக்கு பஸ் ஏறினேன். அங்கே நமக்கு வேண்டிய பழைய ஆயர் வீட்டில் பெயர் அகராதி ஒன்று இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். பெபேயாள் என்பது கிரேக்கர்களின் பழைய தேவதை ஒருத்தியின் பெயர், சந்திரனுக்கும் அந்தப் பெயரைச் சொல்வார்கள் என்று போட்டிருந்தது! எனக்கு உண்டான சந்தோஷத்தில் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள், நான் மட்டும் ஸ்தோத்திரப் பாட்டு பாடிக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அந்நிய தேவதையின் பெயர் என் பேத்திக்கு வேண்டாம் என்று விளக்கமாகப் பேசினேன். அருள் பதற்றப்படவே இல்லை. "சார் சொல்றது சரிதாங்க. அந்தக் காலத்துல சாமி பேர் வச்சிருந்தவங்கதான் விசுவாசத்துக்கு வந்தாங்க, பேரை யாரும் மாத்தல. சார் சொல்ற எஸ்தர்கூட பாபிலோன் தேவதை இஷ்தார் பேர்லேர்ந்து வந்ததுன்னு சொல்றவங்க இருக்காங்க" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். கெங்கம்மாள் விடவில்லை. "அப்ப மார்ட்டின்னா இன்னாங்க?" என்று கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி, ரோமாபுரியின் யுத்த தேவன் மார்ஸ் பெயரிலிருந்து வந்தது என்றார். பஞ்சாட்சரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, சிவனுடைய ஐந்தெழுத்து என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். நம் அப்பா, தாத்தாவின் பெயரை விட மனமில்லாமல் எனக்கு வைத்தது. சபை முழுக்கச் சிரித்தது. தேவயானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து டயானா எழுந்தாள். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த பெண். அவளுக்கு டயானா என்று நான்தான் பெயர் கொடுத்தேன். "சார், எம் பேரும் சாமி பேருங்களா?" என்றாள். அருள் தரையைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிஷம்தான் பிடிபட்டது. வேதத்தில் எபேசு பட்டணத்து ஜனங்கள் பெரியவள், பெரியவள் என்று கூச்சல் போட்டார்களே, அந்த தியானாள் தேவிதான் இங்கிலீஷில் டயானா! எத்தனை தடவை நானே பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், ஒரு தடவையாவது உறைத்ததா? ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. "மணியம்மாள்ன்றது சாமி பேரு, வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. எங்கம்மா சாவறப்பகூட, டயானான்னு வாய்ல வரலன்னு என்னைப் பேர் சொல்லாமயே போய்ட்டாங்க. எம் பேரை எனக்கே குடுத்துடுங்க சார்" என்றாள். "மணியம்மா, என்னை மன்னிச்சிடு" என்றேன். அவள் அழுதாள். உடனே அருள் எழுந்து போய், "நீ எந்தப் பேர்ல ஜெபம் பண்ணாலும் அவருக்குக் கேக்கும்மா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்டவன் நான், அக்கா. அவள் பிடித்ததோ அவர் கையை. இந்த நேரத்தில் இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நினைத்தேன்.

மறுநாள் மணியம்மாள் வீட்டுக்குத் தனியாகப் போய், சபைப் பதிவேட்டில் பெயரைத் திருத்த என் கையாலேயே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது வேறு விஷயம். பேத்தி விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. எஸ்தர் வேண்டாமென்றால் கிரேஸ் வைக்கட்டும், பத்தாவது கிரேஸாக இருந்துவிட்டுப் போகட்டும். அருள் சொன்ன பெயர் மட்டும் கூடாது. சுவேதா உன் சொல்லைத்தான் கேட்பாள். நீ சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே போகப் போவதில்லை, வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். ஆண்டவர் உங்கள் அனைவரையும் தம் சிறகின் நிழலில் வைத்துக் காப்பாராக.

உன் அன்புத் தம்பி,
மா. பஞ்சாட்சரம்,
தலைமை ஆசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும்போது தேவயானி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஒரே அழுகை. எஸ்தர் என்று கூப்பிட்டேன், கிரேஸ் என்று கூப்பிட்டேன், வீறிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெபி என்றேன். சட்டென்று நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, அக்கா. இன்னும் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் சிரித்தது. அதனால் நீ ஒன்றும் கண்டிக்க வேண்டாம், வரும்போது குழந்தைக்கு வெள்ளைக் கவுன் மட்டும் வாங்கி வா. அருள் போன வாரம் அரை மணி நேரம் அதே பெயரைச் சொல்லிக் கொஞ்சினாராம், குழந்தை கொட்டாவிதான் விட்டதாம். இதை நீ வந்ததும் சபையில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி விசாரிக்க வேண்டும்.