புகார் எண் நாற்பத்தொன்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் இப்போதெல்லாம் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு ஆதாரம் எதுவும் கையில் இல்லை. போன வாரம் மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஒன்றுமில்லை, சும்மாத்தான் கூப்பிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து பதினோரு நாள் ஆகிறது. மூன்று வருஷம் உட்கார்ந்து நீ எழுதிய வில்லன் துருவேந்தனைப் பார்த்து யாருக்கும் பயம் வராது என்று உன் மேலாளர் சொல்கிறார். அவனைத் தூக்கிவிட்டுப் பன்னிரண்டு தலை உள்ள இயந்திரம் ஒன்றை வைக்கப்போகிறார். அதற்கு முன்னால், வீடியோ கேமே தொட்டறியாத ஒருவர் விளையாடிப் பார்த்து, "இருக்கட்டும்" அல்லது "எடுத்துவிடலாம்" என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தரவேண்டும். அந்த ஒருவர் நான். இதுவரை எனக்குப் புரிகிறது. இதற்குப் பிறகு நடந்தது எதுவும்தான் புரியவில்லை.

முதல் நாள் பெட்டியைப் போட்டவுடன் என் நாயகன் நீல மேலங்கியோடு ஒரு மாடியில் நின்றான். வானத்தில் துருவேந்தன் முகம் பெரிதாகத் தெரிந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த நகரத்தின் இரும்பெல்லாம் துருவாகிக் கொட்டிவிடும் என்றான். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருபத்தொரு வருஷம் உட்கார்ந்தவளிடம் துருவைப் பற்றிப் பேசினால் சும்மா விடுவேனா? உடனே புறப்பட்டேன். ஆனால் வரைபடத்தைத் திறந்தால் நகரம் முழுக்க மஞ்சள் ஆச்சரியக்குறிகள், எண்ணிப் பார்த்தால் நாற்பது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய குறை. மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, சிக்னல் விளக்கு எரியவில்லை, ஒரு குடைக்கடைக்காரரின் அறுபத்து நான்கு குடைகள் காற்றில் பறந்து கூரைகளில் கிடக்கின்றன. எங்கள் பிரிவில் பெரிய அதிகாரியின் மைத்துனரே வந்தாலும் வரிசையில்தான் நிற்கவேண்டும், உனக்குத் தெரியும். நான் நோட்டை எடுத்து, இருக்கிற இடத்திலிருந்து பக்கம் பக்கமாக எண் போட்டேன். துருவேந்தன் நின்ற மின்நிலையம் வரைபடத்தின் கடைசி மூலையில் இருந்தது. எனவே அவன் இப்படிப் பதிவானான்: "புகார் எண் 41. நகரத்தை அழிக்கப்போவதாக ஒருவர் தெரிவித்துள்ளார். நிலை: நிலுவையில்."

இதில்தான் என் குழப்பம் ஆரம்பம். பத்து நிமிஷம் என்றவன் பதினோரு நாளாக அந்த மின்நிலையக் கூரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை. நான் பாட்டுக்குக் குடை பொறுக்குகிறேன். அழிக்கிறவனுக்கு அவசரம் இல்லை, காப்பாற்றுகிறவனுக்கும் அவசரம் இல்லை, பிறகு எதற்கு இவ்வளவு இசை? உன் அத்தான் வந்து பார்த்துவிட்டு, "பாவம், அவருக்கு ஒரு நாற்காலியாவது போடச் சொல்லு" என்று போய்விட்டார். இடையில் வருகிற சில்லறைத் திருடர்களோ அதற்கு மேல். ஒருவனை விளக்குக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் அவனே, அதே கோடுபோட்ட சட்டையோடு, அதே கடையை உடைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஆபீசில் முடித்துவைத்த குழாய்க் கசிவு மறுநாளே திரும்பி வருகிற மாதிரிதான். அந்த வகையில் உன் விளையாட்டு உண்மையானது, அதை மேலாளரிடம் சொல்.

ஆனால் துருவேந்தன் விஷயத்தில் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. நான் எந்தக் குடைக்குக் கையை நீட்டினாலும் நாயகன் மணிக்கட்டில் இருக்கிற கருவி மணி அடிக்கும். கூப்பிடுவது துருவேந்தன்தான். முதல் தடவை, "வேலையா இருக்கியா? பரவாயில்லை, முடிச்சுட்டே வா" என்றான். இரண்டாம் தடவை, அந்தத் தொட்டியின் அடி வால்வை மூடினாயா என்று கேட்டான், நல்லவேளை கேட்டான், நான் மூடியிருக்கவில்லை. மூன்றாம் தடவை பழைய கதையை எடுத்தான். அவனும் நாயகனும் முன்னாளில் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களாம். "நீ பறக்கக் கத்துக்கிட்டப்போ கீழே கையை விரிச்சுக்கிட்டு ஓடினது யாரு? சரி, அதெல்லாம் எதுக்கு. ஒண்ணுமில்லை, சும்மாத்தான் கூப்பிட்டேன்." ஒவ்வொரு தடவையும் திரையில் "இப்போது", "பிறகு" என்று இரண்டு பொத்தான் வரும். நான் "பிறகு"வை அழுத்துவேன். கையில் குடை இருக்கும்போது வேறென்ன செய்வது?

ஊரை அழிக்க நினைக்கிற எவனாவது இப்படிப் பேசுவானா, தம்பி? இந்த ஆளை நீ எங்கே பிடித்தாய்? வில்லன் என்றால் வயிற்றைக் கலக்கவேண்டும். இவன் கூப்பிட்டால் கலங்குவது வயிறு இல்லை, மனசு. இப்போது ஒரு படி மேலே போய்விட்டேன், மணி அடித்தாலே எங்கே குடை என்று தேட ஆரம்பிக்கிறேன். அவன் குரலைக் கேட்காமல் இருப்பதற்காகவே நேற்று, எரிந்துகொண்டிருந்த சிக்னலை ஒருமுறை அணைத்து மறுபடி சரிசெய்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் நாள் கடத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு ஒரு பெட்டி வேறு.

ஆகவே, உன் மூன்று வருஷம் போகிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், கேட்டதற்கு நேர்மையாகப் பதில்: எடுத்துவிடலாம். பன்னிரண்டு தலை இயந்திரம் எவ்வளவோ மேல். அது யாரையும் நலம் விசாரிக்காது.

நீ எழுதுவது எதுவும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி ஆபீசில் அடுத்த மேசைக்காரியிடம் இதைக் கொடுத்தேன். துருவேந்தன் பேசுகிற இடம் வந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, மத்தியானம் தம்பி எடுக்கலேன்னா நீங்க போன்ல பதிவு பண்ணி வைக்கிறதுதானே இது? வார்த்தை மாறலையே" என்றாள். நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை என்றேன். அவள் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியின் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

உன் சைக்கிளுக்குப் பின்னால் நான் ஓடியது உனக்கு நினைவிருக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் போட்டேன். அறுபத்து மூன்று குடை ஆகியிருந்தது. மணி அடித்தது. "இப்போது" என்பதை அழுத்தினேன். கூரைக்குப் போனேன். "வந்துட்டியா" என்றான், அவ்வளவுதான். அடிப்பதற்குச் சிவப்புப் பொத்தான் என்று திரை சொன்னது. அழுத்தவில்லை. அவனும் நிற்கிறான், நானும் நிற்கிறேன், பெட்டியை அணைக்கவும் மனம் வரவில்லை.

மேலே எழுதியதை அடித்துவிடு. என் பதில்: இருக்கட்டும். மேலாளரிடம் இந்தப் பக்கத்தை மட்டும் காட்டு. புகார் எண் 41 முடிக்கப்படவில்லை, பதிவேட்டிலிருந்து நீக்கவும் வேண்டாம்.

நாளை மத்தியானம் கூப்பிடுவேன், எடு. இந்தத் தடவை சும்மா இல்லை. அறுபத்து நாலாவது குடை எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும்.