கரண்டியோடு ஒரு போட்டோ

நான் ஒரு பிராண்டாக ஆகிவிடுவது என்று ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் விளக்கிக்கொண்டே முடிவு பண்ணினேன்.

காரணம் தனுஷ். எனக்குக் கீழே வேலை பார்த்த பையன். அவனுக்குப் புரோகிராம் எழுத வராது. புரோகிராம் எழுதுவதைப் பற்றி எழுத வரும். தினமும் காலையில் லிங்க்ட்இன்னில் ஒரு தத்துவம், கூடவே கையைக் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்க்கிற ஒரு போட்டோ. இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான்.

நானோ பதினோரு வருஷமாக வீரபாண்டியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். புரோகிராம் என்னுடையது; திறந்தால் முதலாளி பெயர் வரும். யோசித்துப் பார்த்தால் இந்த ஊரே அப்படித்தான். பின்னுவது நாம், சாயம் போடுவது நாம், தைப்பது நாம். கழுத்துப்பட்டையில் வருகிற பெயர் மட்டும் கடல் தாண்டி இருக்கிற எவனுடையதோ. ஊரில் யாருக்கும் அதில் வருத்தம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. எனக்கு இருந்தது. நாற்பதை நெருங்கிவிட்டேன், சிவராஜ் என்கிற என் பெயர் எங்கேயாவது ஒரு இடத்தில் தெரிய வேண்டாமா?

பெங்களூர் ஆசையும் இருந்தது, மறைப்பானேன். தனி ரூம், மெஸ் சாப்பாடு, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூக்கம். குடும்பஸ்தன் காணுகிற கனவு இவ்வளவுதான்.

என் மனைவி விஜயராணியிடம் சொன்னேன். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் போடும் கண்டிஷனை கம்பெனியிடமும், கம்பெனி சொல்லும் சாக்கை பையரிடமும் பக்குவமாகச் சொல்லுகிற வேலை.

"பிராண்ட் ஆகுங்க, நல்லதுதானுங்க. எனக்கு வந்த மேனேஜர் சீட்டு விஷயம் என்னாச்சுங்க?"

"பாத்துக்கலாம்."

"தை மாசத்துக்குள்ள பதில் சொல்லோணுமுங்க."

"அதான் பாத்துக்கலாம்னேனே."

விஷயம் இதுதான். ராணியை மேனேஜராக வரச்சொல்லி அவள் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். மேனேஜர் ஆனால் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகும். எங்கள் பாப்பா ஸ்கூல் வேனில் நாலரைக்கு வந்துவிடுவாள். நாலரையிலிருந்து எட்டு வரை வீட்டில் ஒரு ஆள் வேண்டும். பால் காய்ச்சி, பாடம் சொல்லி, ராத்திரி சாப்பாடும் பண்ணுகிற ஆள். அந்த ஆள் யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். 'பாத்துக்கலாம்' என்றால் 'நடக்காது' என்று அர்த்தம் என்பதும் தெரியும். அவள் சண்டை போடவில்லை. எங்கள் பக்கத்தில் திட்டுகூட 'ங்க' போட்டுத்தான் விழும். அதுவும் விழவில்லை என்றால் மனுஷன் கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிராண்ட் வேலை தொடங்கியது. டேட்டாபேஸ் பற்றி நாலு பதிவு போட்டேன். இரண்டு லைக். ஒன்று என்னுடையது. இன்னொன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

ஆவணியில் ஒரு நாள் ராணியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நூல் கவுண்ட்டைப் பத்திப் பேசினா பையர் கொட்டாவி விடுவாருங்க. அதே துணிய ஒரு ஆளுக்குப் போட்டுக் காட்டினா எந்திரிச்சு உக்காருவாரு. உங்க எழுத்துல ஆளே இல்லீங்க."

"ஆளுக்கு எங்க போறது?"

"நீங்க இருக்கீங்கள்ல. அடுப்புகிட்ட வாங்க."

போனேன். கையில் கரண்டியைக் கொடுத்தாள். இட்லித் தட்டு மேல் குனியச் சொன்னாள். போட்டோ எடுத்தாள். வாசகமும் அவளே சொன்னாள்: 'இன்று இட்லி ஊற்றியது நான். மாவு புளிக்கும்வரை பொறுக்கத் தெரிந்தவனுக்கே புரோகிராமும் கைகூடும்.'

"நான் ஊத்தலியே?"

"கரண்டி உங்க கையிலதானுங்களே இருக்குது."

போட்டோ முடிந்ததும் கரண்டி கை மாறியது. நான் சோபாவுக்குப் போனேன். சாயந்திரம் பார்த்தால் எண்ணூறு லைக்.

அப்புறம் கேட்கணுமா. துடைப்பத்தோடு நான். பாப்பாவுக்குச் சடை பின்னும் நான். ஸ்கூல் வேன் வாசலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் நிற்பேன். மிச்ச வேலை ராணியுடையது. சம்பளமில்லாத போட்டோகிராபர் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று எனக்குள் ஒரே சிரிப்பு. கார்த்திகையில் அவள் சொல்லி எழுதியது ஊரெல்லாம் சுற்றியது: 'மனைவியின் உயர்வுக்குக் குறுக்கே நிற்கிற ஆண், தன் வேலையிலும் உயரமாட்டான்.'

"இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா, ராணி?"

"எழுத்துதானுங்களே, அதுக்கென்னங்க."

சரிதானே, எழுத்துதானே என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு அந்தோணிராஜ் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நாள் காம்பவுண்டு கேட்டில் மறித்தார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டு வேலையெல்லாம் நீங்கதானாம்லா?"

"ஏதோ நம்மால ஆனதுங்க."

"எம் பொண்டாட்டி பிரிசில்லா ஒங்க போட்டோவக் காட்டி என்னையச் சோறு வடிக்க விட்டுட்டா. கையப் பாருங்க, கொப்புளம்."

"அடடா."

"நீங்க சுடாம எப்படி வடிக்கிய?"

உண்மையைச் சொன்னால் என் பிராண்ட் போகும். சொல்லாவிட்டால் அவருக்கு இன்னொரு கை போகும். "பழகிருமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

அன்றைக்கு சோமனூரிலிருந்து ஒரு பெண் என் பதிவின் கீழே எழுதியிருந்தாள். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். உங்களைப் போல ஒருவர் எங்கள் வீட்டில் இருந்திருந்தால், என்று முடிக்காமல் விட்டிருந்தாள். அடுப்படியில் ராணி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே எழுந்து போகலாம் என்று காலைக் கீழே வைத்தேன். அதற்குள் இன்னொரு லைக் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற நிறுவனம். அபிராமி என்கிற மேனேஜர், நம்ம பாஷை பேசுகிறவர், வீடியோவில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். எல்லாம் நன்றாகப் போனது. மனசுக்குள் மெஸ் சாப்பாட்டு வாசனையே வந்துவிட்டது. அப்போது அவர் சொன்னார்: "உங்க மிஸஸ்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலாங்களா?"

ராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார் எழுதறதெல்லாம் நெஜம்தானுங்களா?"

ராணி 'இல்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிராண்ட் காலி. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"எழுதறது கம்மிங்க மேடம். எனக்கு மேனேஜர் சீட்டு வந்தப்ப நாந்தான் தயங்கினேன். 'நீ போ, நாலரைக்கு மேல ஊட்டை நான் பாத்துக்கறேன்'னு சொன்னதே இவருதானுங்க. அதனால இவரை பெங்களூருக்குக் கூப்பிட்டுறாதீங்க. இங்கிருந்தே வேலை பாக்கட்டும்."

அபிராமி மேடம் நெகிழ்ந்துபோனார். "அப்படிங்களா சார்?"

இரண்டு பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. என்னுடையது மாதிரிதான் இருந்தது.

"ஆமாங்க."

"அப்ப வீட்டிலிருந்தே வேலை பாருங்க. நாலரைக்கு மேல உங்களுக்கு மீட்டிங் கிடையாது. என் பொறுப்பு."

லேப்டாப்பை மூடியதும் பாய்ந்தேன்.

"ஏன் ராணி அப்படி ஒரு பொய்?"

"பொய்ங்களா? நீங்க ஆமாங்கன்னீங்களே."

"அந்தப் போட்டோவெல்லாம் சும்மா எடுத்ததுதானே?"

"சும்மா இல்லீங்க, சாம்பிள். எங்க கம்பெனியில மொதல்ல ஒரே ஒரு பீஸு தெச்சு பையருக்கு அனுப்புவோம். அவரு சரின்னுட்டா, அப்புறம் வர்ற பத்தாயிரமும் அதே மாதிரி இருக்கோணும். ஒரு தையல் மாறினாலும் சரக்கு திரும்பி வந்துரும். உங்க சாம்பிளை ஊரே பாத்து லைக் போட்டுருச்சு. இனி மாத்த முடியாதுங்க."

இவ்வளவையும் முழு மரியாதையோடு சொன்னாள்.

தை பிறந்தது. ராணி மேனேஜர் ஆனாள். நாலரைக்கு வேன் வருகிறது. பால் பொங்குகிறது, பாப்பாவுக்குக் கணக்கு வரமாட்டேன் என்கிறது, இட்லி கல்லாக வருகிறது. பாப்பா ஒன்றும் சொல்லாமல் தின்கிறாள், அதுதான் ரொம்ப வலிக்கிறது. பதிவு போட நேரமில்லை. போட்டோ எடுக்கவும் ஆள் இல்லை. எட்டு மணிக்கு ராணி வருகிறாள். களைப்பாகத்தான் வருகிறாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை மாசமும் இதையா மறித்துக்கொண்டு நின்றோம் என்று இருக்கிறது.

ஒரு ஆறுதல் மட்டும் மிச்சம் இருந்தது. என்ன ஆனாலும் வேலை என் பிராண்டால் வந்தது. போன வாரம் அபிராமி மேடத்திடம் கேட்டேன்.

"எந்தப் பதிவைப் பாத்து என்னைய எடுத்தீங்க, மேடம்?"

"பதிவா? அதுக்கெல்லாம் எடுக்கலீங்க. எங்க சாஃப்ட்வேரைக் காட்ட உங்க மிஸஸ் ஆபீசுக்கு வந்திருந்தேன். நீங்க வேலைல சேர்ற வரைக்கும் அதை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. அவங்க லேப்டாப்ல ஒரு சின்ன புரோகிராம் ஓடிட்டு இருந்துச்சு. எந்த பையருக்கு என்னிக்கு பதில் அனுப்போணும்னு ஞாபகப்படுத்துமே, அது. அவ்வளவு சுத்தமான வேலை. யாரு எழுதினதுன்னு கேட்டேன். அப்பவே உங்களை எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

தேதி மறந்துவிடுமோ என்று ராணி தூக்கம் வராமல் புரண்ட நாட்களில், ஒரு விடுமுறையில் உட்கார்ந்து அவளுக்காக எழுதிக் கொடுத்தது. இந்த வீட்டில் நான் நிஜமாகச் செய்த ஒரே வேலை. அதைப் பற்றி ஒரு வரிகூடப் பதிவு போட்டதில்லை.

"அது எப்போங்க மேடம்?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்லயா? அப்புறம் ஏனுங்க டிசம்பர் வரைக்கும் கூப்பிடல?"

"நான் அன்னிக்கே கூப்பிடறேன்னுதான் சொன்னேன். உங்க மிஸஸ்தான், 'கொஞ்சம் பொறுங்க மேடம், சாம்பிள் இன்னும் ரெடியாகலீங்க'ன்னாங்க."