எதிரியும் நானும் ஒரே பைக்கில்

அச்சங்குளம்,
வியாழக்கிழமை காலை.

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை தருண்குமார் அவர்களுக்கு மாமனார் சண்முகவேல் எழுதுவது. இங்கே எனக்கு ரத்தக் கொதிப்பும், உங்கள் அத்தை பாலம்மாளுக்கு நானும் இருக்கிறோம் என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. அங்கே அமெரிக்காவில் நீங்களும் பிரீத்தியும் பாப்பாவும் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

வாரம் தவறாமல் வீடியோவில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்கிற மரியாதை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. "சாப்பிட்டீகளா, அங்க குளிரா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. தாளைப் பார்த்து அந்தக் கூச்சம் கிடையாது. பக்கத்துத் தெரு விக்னேஷ்குமார் திங்கட்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான். அவனிடம் இதையும் இரண்டு பொட்டலம் சாத்தூர் சேவும் கொடுத்துவிடுகிறேன். சேவு இரண்டு பொட்டலம் ஏன் என்பது கடைசியில் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மாகாணத்தில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், இனிமேல் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, வீட்டுக்குள் அத்துமீறி நுழைகிறவனைச் சுட்டால் தற்காப்பு என்று சட்டம் நம் பக்கம் நிற்கும், அதனால் பாப்பாவின் பிறந்தநாள் முடிந்ததும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்று. உங்கள் வாசல் கேமராவில் ஒரு பெரியவர் இரண்டு தடவை வந்து மணியடிக்காமல் நின்றுவிட்டுப் போனது பதிவாகியிருப்பதாகவும், அவர் எதிர்வீட்டுக்காரர் போலத் தெரிவதாகவும் சொன்னீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் பிரீத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி என்று நீங்கள் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குத் தெரிந்தது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் படித்தவர், சம்பாதிப்பவர், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர். நான் பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் போர்மேனாக இருந்தவன். என் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு தீப்பொறிகூட எழுந்ததில்லை. வெடிமருந்தோடு வாழ்ந்தவனைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கமாட்டீர்கள் என்கிற தைரியத்தில், புத்தி சொல்லாமல், எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். பிரீத்திக்குக்கூட இது தெரியாது. போன ஆடியில் நானும் துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பம் போட்டேன்.

சிரிக்க வேண்டாம். நம் கிணற்று மோட்டாரின் ஒயரை எவனோ மூன்று மாதத்தில் இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய்விட்டான். மக்காச்சோளம் தண்ணீரில்லாமல் வாடியது. தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுசன், நாளைக்கு அவன் ஒயரை விட்டுவிட்டு என்னை அறுத்தால் என்ன செய்வது என்று மனசு கண்டபடி ஓடியது. சரி என்று விண்ணப்பத்தை வாங்கினால், உங்கள் ஊர் மாதிரி இல்லை மாப்பிள்ளை, அதில் கேள்வி மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். உயிருக்கு யாரால் ஆபத்து என்று ஒரு இடம் இருந்தது, அங்கே பேனா நின்றுவிட்டது. அறுபத்து மூன்று வயதில், என்னைக் கொல்லும் அளவுக்கு ஒருத்தன்கூட என்னைப் பொருட்படுத்தவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. "பெயர் தெரியாத ஒயர் திருடன்" என்று எழுதி வைத்தேன்.

விசாரிக்க வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் அருணாதேவி. நம் பிரீத்தி வயதுதான் இருக்கும், ஆனால் பார்வையிலேயே வாக்குமூலம் வாங்கிவிடுவார். "ஒயரைத் திருடுனா கேஸ் குடுங்க சார், துப்பாக்கி எதுக்கு? தற்காப்புக்குச் சட்டம் இருக்கு, இல்லேங்கல. ஆனா எம்புட்டு ஆபத்தோ அம்புட்டுத்தான் திருப்பி அடிக்கலாம். ஒயர் அறுத்தவனைச் சுட்டீங்கன்னா அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. சரி, உங்க உயிருக்கு எதிரி யாரு, அதைச் சொல்லுங்க" என்றார். உங்கள் அத்தை உள்ளேயிருந்து, "இவுகளுக்கு எதிரியா? இவுக வாய்தான் எதிரி" என்று குரல் கொடுத்தாள். நல்லவேளை, அதை அந்த அம்மா எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

யோசித்ததில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் தேறினான். சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கிற லட்சுமிகாந்தம். நம் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுடையது. வரப்பில் நின்ற வேப்பமரம் தன்னுடையது என்று அவன் சொல்ல, என்னுடையது என்று நான் சொல்ல, பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது. எந்த மரத்துக்காகச் சண்டை போட்டோமோ அது ஒரு சித்திரைக் காற்றில் விழுந்து விறகாகிவிட்டது, சண்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவன் பிரஸ்ஸிலிருந்து ஊரில் அத்தனை பேர் வீட்டுக்கும் தை மாதம் காலண்டர் வரும், எனக்கு மட்டும் வராது. சிவகாசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, தினசரிக் காலண்டரைக் கடையில் போய் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் ஒரு மனுசனைக் கேட்காமல் கொள்ளாமல் எதிரி என்று எழுதிக்கொடுப்பது முறை இல்லையே. நேரே பிரஸ்ஸுக்குப் போனேன். சீசன் நேரம், மெஷின் ஓடுகிறது. என்னைக் கண்டதும் அவனே போய் மெஷினை நிறுத்தினான். விசயத்தைச் சொன்னேன். "ஏலே சம்முவம், பதினோரு வருசமா ஒரு வார்த்தை கெடையாது. வாராதவன் வந்திருக்கானே, சமாதானமாப் போவம்னு வந்திருக்கான்னு பாத்தா, என்னைய எதிரின்னு எளுதிக்கிடவான்னு கேக்கியே, உனக்கு நெஞ்சழுத்தம் எம்புட்டு!" என்றான். அப்புறம் டீ வரவழைத்தான். குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எளுதிக்கோ. 'கொடிய எதிரி'ன்னு மட்டும் போட்டுறாத. வீட்டுல வருத்தப்படுவா" என்றான்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு நான் பஸ்ஸில் போக நின்றுகொண்டிருந்தேன். எதிரி பைக்கில் வந்து, "எதிரியவும் விசாரிப்பாகல்ல, ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போறோம், ஏறு" என்றான். அருணாதேவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவருதான் எதிரியா? ரெண்டு பேரும் எதுல வந்தீங்க?" என்று கேட்டார். ஒரே பைக்கில் என்றேன். "ஓட்டுனது யாரு?" "எதிரிதான் மேடம்." "இவரால உங்க உயிருக்கு ஆபத்துன்னு நினைக்கீங்களா?" "வண்டி ஓட்டுறப்ப நினைச்சேன் மேடம்." பொய் சொல்லக் கூடாதல்லவா. லட்சுமிகாந்தம் தன் வாக்குமூலத்தில், சண்முகவேல் நேர்மையானவன், கோபக்காரன், அவன் கையில் துப்பாக்கி கிடைத்தால் தன்னையே சுட்டுக்கொள்வான் என்று பயமாக இருக்கிறது, ஆகவே கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு நான் நடந்தே திரும்பியிருப்பேன். வெயிலை உத்தேசித்து ஏறிக்கொண்டேன்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் சிரித்திருந்தால் எனக்குச் சந்தோசம். இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விசயம் இல்லை. லைசென்ஸ் வரும்வரை பொறுக்காமல், பன்றி விரட்டுவதற்கு விற்கிறார்களே, கார்பைடு போட்டு வெடிக்கிற குழாய்த் துப்பாக்கி, அதில் ஒன்று வாங்கினேன். திருடனுக்குச் சத்தம் கேட்டால் போதும் என்று நினைப்பு. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குத் தோட்டத்தில் வைத்துச் சோதனை பார்த்தேன். போர்மேன் அல்லவா, கம்பெனி விதிப்படி செருப்பைக் கழற்றினேன், ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல் பக்கத்தில் வைத்தேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். எல்லாம் சரி. ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

நம் பக்கத்தில் வெடிச் சத்தம் புதிது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஒரு சத்தம், சாமிக்கு ஒரு சத்தம், சாயங்காலம் கம்பெனிகளில் மாதிரிக்கு வெடித்துப் பார்க்கிற சத்தம், எல்லாம் எங்களுக்குப் பிரித்துத் தெரியும். காலை பதினோரு மணிக்குத் தனியாக ஒரே ஒரு சத்தம் கேட்டால் அதற்கு இந்த ஊரில் ஒரு அர்த்தம்தான். ஐந்து நிமிடத்தில் வேலியோரம் ஊரே வந்து நின்றது. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், எந்தத் திசையில் புகை என்று. எங்கள் தெரு முருகேஸ்வரி இட்லி மாவு கையோடு ஓடி வந்தாள். அவள் மகள் அழகுமீனா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "அண்ணாச்சி, எந்தக் கம்பெனி? எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க!" என்கிறாள். போன் போட்டால் மகள் எடுக்கமாட்டாள், உள்ளே போகும்போது போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த விதியைக் கண்டிப்பாக நடத்தியவன் நான். கேட் வாட்ச்மேன் போனை எடுத்து, "இங்கன ஒண்ணும் இல்லக்கா, பிள்ள வேலை பாத்துக்கிட்டிருக்கா" என்று சொல்ல எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் என் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

முப்பத்தோரு வருடப் பெயர் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது மாப்பிள்ளை. கம்பெனியில் யாரையும் அழவிடாத நான், என் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று கிளம்பி, ஊரையே அழவைத்தேன். கூட்டத்தோடு ஓடி வந்திருந்த லட்சுமிகாந்தம் அந்தக் குழாயை வாங்கிக் கல்லில் வைத்து நசுக்கினான். அன்றிலிருந்து என் ஒயரையும் தன் ஒயரோடு சேர்த்து அவன் பம்ப்செட் அறையில் வைத்துப் பூட்டுகிறான். இதுவரை போகவில்லை.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. "விண்ணப்பதாரரின் உயிருக்கு எவராலும் அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவரவில்லை, எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." முதலில் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவை சத்தமாக உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். என்னைக் கொல்ல நினைப்பவர் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அரசாங்கமே விசாரித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு காகிதம்? லேமினேசன் செய்து மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் இந்த வருடக் காலண்டர் தொங்குகிறது, லட்சுமிகாந்தம் பிரஸ் போட்டது, கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டியதும் அவன்தான்.

உங்கள் மாகாணத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பயம். அருணாதேவி கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். எதிரி யார்? அந்தப் பெரியவர் எதற்கு வந்தார் என்று யாராவது கேட்டீர்களா? இன்னொன்று, வெடிமருந்து இருக்கிற அறையில் குழந்தை இருக்கக் கூடாது, நான் தெரிந்துகொண்ட ஒரே சட்டம் இதுதான். எட்டாத இடத்தில் பூட்டி வைப்பேன் என்பீர்கள். போன வருடம் பாப்பா இங்கே வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடமாக உங்கள் அத்தை கண்ணில் படாத என் மூக்குப்பொடி டப்பாவை, பத்தே நிமிடத்தில் எடுத்துவந்து வீட்டுக் கூடத்தின் நடுவில் வைத்து, "தாத்தா, இது என்ன?" என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டாத இடம் என்று ஒன்று எந்த வீட்டிலும் கிடையாது.

அதனால்தான் சேவு இரண்டு பொட்டலம். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, எதிர்வீட்டு வாசலில் போய் நீங்கள் மணியடியுங்கள். காரம் கொஞ்சம் தூக்கல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், அது உங்கள் இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அதற்குத் தேவை வராது என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பதினோரு வருடத்துச் சண்டையே ஒரு டீயில் முடிந்ததைப் பார்த்தவன் நான்.

பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். பிரீத்திக்கு ஆசீர்வாதம். நீங்கள் நூறு வயது, எதிரி இல்லாமல், இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
சண்முகவேல்

பின்குறிப்பு: காலண்டரில் ஒரு எழுத்து தப்ப விடாதவன் என்று, பிழை பார்க்க இந்தக் கடிதத்தை லட்சுமிகாந்தத்திடம் கொடுத்தேன். வேப்பமரம் வந்த இடத்தில் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. "'தன்னுடையது என்று அவன் சொல்ல'ன்னு எளுதியிருக்கியே, மரம் என்னுதுதானலே!" என்றான். நான் விடுவேனா? வார்த்தை தடித்துவிட்டது. கோர்ட்டில் பார்க்கிறேன் என்று கிளம்பியவன், போகிற போக்கில் ஒரு சேவுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆக, அரசாங்கம் கொடுத்த காகிதம் இன்று காலை பத்தரை மணியோடு செல்லாது. இப்போது விண்ணப்பம் போட்டால் எனக்குத் துப்பாக்கி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அவன் கண்ணாடியை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அது இல்லாமல் அவனுக்குப் பைக் ஓட்ட வராது, தெருமுனை தாண்டியிருக்கமாட்டான். டீ போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு பொட்டலம்தான் வரும் மாப்பிள்ளை. அதை நீங்கள் பிரிக்க வேண்டாம், அப்படியே எதிர்வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.