வாசலில் சிக்கிய மில்லிங் மெஷின்

மில்லிங் மெஷின் அறை வாசலில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதைவிடக் கூத்து, அதை இழுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர் அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

"அத்தான், அளந்து பாத்துதான வாங்குனீங்க?" வெளியிலிருந்து தள்ளிய மைத்துனன் கேட்டான்.

"நூல் பிசகாம அளந்தேன்டா!"

உண்மைதான். மெஷினின் மேசையை அளந்திருந்தார். வாசலை அளந்திருந்தார். மேசையின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருந்த கைச்சக்கரங்களை மட்டும் விட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர்!

சின்ன மெஷின்தான். இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்து வைத்தால், சுழலும் கத்தி அதைச் சீவித் தள்ளிவிடும். தன் கையால் ஒரு குட்டி நீராவி எஞ்சின் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. மனைவி ஒருவழியாகச் சம்மதித்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"வீட்டுல ஒரு கீறல் விழுந்துச்சு, மெஷின் நேரா பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்."

சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பிவிடுவாள்.

"சக்கரத்தக் கழட்டிடலாமே அத்தான்?"

"கைய வெச்சே, கொன்னுடுவேன்! கம்பெனியில பூட்டினது. அலைன்மென்ட் போயிடும்."

மைத்துனன் வாசல் நிலையில் எண்ணெய் தடவித் தள்ளினான். மெஷின் வழுக்கிக்கொண்டு வந்து இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொண்டது. கடப்பாரை வைத்து நெம்பினான். நிலை பெயர்ந்தது. கூடவே சுவரும் கொஞ்சம் வந்தது.

"பதறாதீங்க அத்தான். லேசா ஒரு கீறல்."

"இதுவா கீறல்? இது வழியா உன் மூஞ்சி முழுசாத் தெரியுதுடா!"

கொத்தனாருக்குப் போன் பறந்தது. பக்கத்துத் தெருவில்தான் இருந்தாராம். சம்மட்டியோடு வந்து நின்றார். சுவரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பூசினா நிக்காது சார். இடிச்சுத்தான் ஆகணும்."

"எதுவரைக்கும்?"

"அந்த மூலை வரைக்கும். பயப்படாதீங்க, இது பாரம் தாங்குற சுவரு இல்ல."

"பாதி இடிச்சாப் போதாதா?"

"மீதி பாதி உங்க மெஷின் மேல விழுந்தாப் பரவாயில்லையா?"

"ஐயையோ, முழுசா இடிங்க!"

புழுதி அடங்கியபோது மெஷின் ராஜநடை போட்டு உள்ளே போனது. உள்ளே என்று சொல்லத்தான் எதுவும் மிச்சமில்லை. அறையும் கூடமும் ஒன்றாகிவிட்டிருந்தன.

மனைவி வந்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெளேரென்று, கண்ணாடிக் கடைக்காரர் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"இரும்புக் கடைக்கு மட்டும் அனுப்பிடாதே. இனிமே நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அவள் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக நடந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, போனாப் போகுது. மெஷின் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குடா கெடைப்பா!" என்று மைத்துனனைக் கட்டிக்கொண்டார். அப்போதே மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய் நின்றார்.

கொத்தனார் புழுதியைத் தட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"அம்மா, இத்தன வருஷமா நீங்க கெஞ்சியும் சார் தொடவிடாத சுவர, நீங்க போட்ட திட்டப்படியே அவரு வாயாலயே இடிக்கச் சொல்ல வெச்சாச்சு, அடுத்து சமையல்கட்டுச் சுவர இடிக்க என்ன மெஷின் வாங்க விடப்போறீங்க?"